பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவை முன்னிட்டு நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் பற்றிப் பேசும்படிதான் செயலாளர் அக்கா முதலில் கேட்டிருந்தா. நாற்பது தாண்டியவர்கள் நிறைந்த சபைக்கு அது பொருத்தமான தலைப்புத்தான். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் ரொறன்ரோவில் இருக்கும் என் வகுப்புத் தோழி ஒருத்தி தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாள். இந்த விழாவுக்கு வர விமானச் சீட்டுப் பதிவுசெய்யும்போது, மேலதிகமாகக் கொஞ்சம் காசு கட்டினால் அவளுடைய பயணத்தால் காற்றில் சேரும் காபனீரொட்சைட்டை யாரோ திரும்பப் பிடித்துவிடுவார்கள் என்று கணினித் திரையில் வந்ததாம். "எடியே, நீ டொக்டர்தானே, சொல்லு. இது உண்மையோ, இல்லாட்டி எங்கட காசைப் பிடுங்கிற வேலையோ?" என்றாள். அவளுக்கு அன்று ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அவள் மூன்றாவது வரிசையில் இருக்கிறாள்.

நான் மயக்க மருந்து வைத்தியர். காபனீரொட்சைட்டைப் பிடிப்பது என் அன்றாட வேலையில் ஒரு பகுதி என்றால் சிலர் நம்பமாட்டீர்கள். அதனால் கையோடு இந்தப் போத்தலைக் கொண்டுவந்திருக்கிறேன். உள்ளே இருப்பது அரிசிக் குறுணலை விடக் கொஞ்சம் பெரிய வெள்ளைத் துண்டுகள். இதன் பெயர் சோடாச் சுண்ணாம்பு. ஐந்தில் நான்கு பங்கு கல்சியம் ஐதரொட்சைட்டு, அதாவது நீறிய சுண்ணாம்பு. மீதியில் பெரும்பங்கு தண்ணீர், கூடவே சிறிதளவு சோடியம் ஐதரொட்சைட்டு, நிறம் மாறும் சாயம் ஒன்று.

சத்திரசிகிச்சை மேசையில் உறங்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் காபனீரொட்சைட்டை வெளியே விடுகிறார். அவர் விடும் மூச்சில் விலை கூடிய மயக்க வாயுவும் ஒட்சிசனும் மீதம் இருக்கின்றன. அவற்றை வீசிவிடாமல் திரும்ப அவருக்கே கொடுப்பதானால் இடையில் காபனீரொட்சைட்டை மட்டும் எடுத்துவிட வேண்டும். மூச்சு இந்தக் குறுணல் நிறைந்த குடுவை ஊடாகப் போகிறது. குறுணல் காபனீரொட்சைட்டைப் பிடித்து மெல்ல மெல்லக் கல்சியம் காபனேற்றாக, சுண்ணாம்புக் கல்லாக, மாறுகிறது. குடுவை சூடாகும், கைவைத்தால் தெரியும். முடிந்துபோன குறுணல் ஊதா நிறமாகும்.

பயிற்சிக் காலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை நடந்தது இது. எந்த வைத்தியசாலை என்பதை விட்டுவிடுவோம். குடுவையைப் பார்த்தேன், பால் வெள்ளை. "புதிசு" என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். இருபது நிமிடத்துக்குள் மொனிற்றரில் காபனீரொட்சைட்டு அலைகோடு, மூச்சு உள்ளே போகும் நேரத்தில் பூச்சியத்துக்கு வர வேண்டியது, வராமல் மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. நோயாளி தான் விட்ட காபனீரொட்சைட்டையே திரும்பச் சுவாசிக்கிறார் என்பது அதன் பொருள். உடனே புதிய வாயுவின் ஓட்டத்தைக் கூட்டிவிட்டுக் குடுவையை மாற்றச் சொன்னேன். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் கைகால் நடுங்கியது. பிறகு மூத்த வைத்தியர் விளக்கினா: வெள்ளிக்கிழமை முடிந்துபோன குறுணல், இரண்டு நாள் ஓய்வில் திரும்ப வெள்ளையாகிவிடும். குறுணலின் வெளிப்புறம் கல்லாக மாறிவிட்டாலும் உள்ளே கொஞ்சம் ஐதரொட்சைட்டு எஞ்சியிருக்கும். அது ஓய்வுநேரத்தில் மெல்ல வெளியே கசிந்து வந்து சாயத்தை ஏமாற்றிவிடும். பிடிக்கும் வலுவோ மிகக் கொஞ்சம்.

அந்த ஒரு காலையில் நான் இரண்டு விடயம் படித்தேன். ஒன்று, நிறத்தை நம்பக்கூடாது, அளவீட்டைத்தான் நம்பவேண்டும். மற்றது, ஒரு பொருள் எவ்வளவு காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் என்பதை அதன் எடை மட்டும் தீர்மானிப்பதில்லை. வாயு போய்த் தொடக்கூடிய மேற்பரப்பு அதற்குள் எவ்வளவு இருக்கிறது என்பதே முக்கியம். வாயில் அடைபட்டால் உள்ளே எவ்வளவு இருந்தும் பயனில்லை.

இந்தச் சுண்ணாம்பு எங்களுக்குப் புதியதல்ல. நாங்கள் 1997இல் உயர்தரம் படித்தபோது ஆய்வுகூட அலுமாரியில் போத்தல்கள் இருந்தன, உள்ளே ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் இரசாயனவியல் ரீச்சர் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கடையில் வாங்கிவந்து தண்ணீரில் கரைத்து, இரவு முழுக்கத் தெளியவிட்டு, சுண்ணாம்பு நீர் செய்து தந்தா. பப்பாசி இலைக் காம்பால் ஊதினோம். பால் போலக் கலங்கியது. தொடர்ந்து ஊதினால் திரும்பத் தெளியும் என்று சொல்லிவிட்டு, மூச்சு முட்டும்வரை எங்களை ஊதவைத்தா.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்துக்கு அடியில் இருப்பதே சுண்ணாம்புக் கல். நூறு கிலோ தூய சுண்ணாம்புக் கல்லுக்குள் நாற்பத்து நான்கு கிலோ காபனீரொட்சைட்டு அடைபட்டிருக்கிறது. சூளையில் 900 பாகை செல்சியஸ் அளவுக்குச் சுட்டால் அது வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். சூளைக்காரர்களுக்கும் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கும் வேண்டியிருந்தது அந்த மிஞ்சுவதுதான். நீற்றிச் சுவரில் பூசினால் அது காற்றில் உள்ள காபனீரொட்சைட்டை ஆண்டாண்டாக உறிஞ்சித் திரும்பக் கல்லாகி இறுகும். பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் ஆணி அடித்துப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

அப்படியானால் வானத்தில் கூடிப்போன காபனீரொட்சைட்டையும் சுண்ணாம்பால் பிடித்துவிடலாமே? பிடிக்கலாம். ஆனால் சுண்ணாம்பு பிடித்ததை விடாது. விடவைக்க 900 பாகைச் சூளை வேண்டும். சூளைக்கு எரிபொருள் வேண்டும், எரித்தால் மீண்டும் காபனீரொட்சைட்டு. என் குடுவைக் குறுணலை ஒருமுறை பாவித்துக் குப்பையில் போடலாம், ஏனெனில் அது ஒரு நோயாளிக்கு ஒரு கிலோ கணக்கு. 1970இல் அப்பலோ 13 விண்கலத்தில் மூன்று வீரர்களைக் காப்பாற்றியதும் இதே மாதிரி ஒருமுறைப் பாவனைப் பொருள்தான், இலிதியம் ஐதரொட்சைட்டு. சதுரக் குடுவையை வட்டத் துளைக்குப் பொருத்தக் காட்போட்டும் பிளாஸ்ரிக் பையும் ஒட்டுநாடாவும் பாவித்த கதையைப் பலர் படத்தில் பார்த்திருப்பீர்கள். மூன்று பேருக்கு நான்கு நாள் என்றால் அது சரி. உலகம் ஆண்டுக்கு 3,700 கோடித் தொன் காபனீரொட்சைட்டை எரிபொருளில் இருந்து வெளியிடுகிறது. அதற்கு ஒருமுறைப் பாவனைப் பொருள் சரிவராது. பிடித்து, விட்டு, மீண்டும் பிடிக்க வேண்டும், ஆயிரக்கணக்கான தடவை.

இன்னொரு சிக்கல், செறிவு. என் நோயாளியின் வெளிமூச்சில் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 5 சதவீதம். நிலக்கரி மின்நிலையப் புகைபோக்கியில் 12 முதல் 15 சதவீதம். வெளிக்காற்றில்? நாங்கள் சுண்ணாம்பு நீரில் ஊதிய 1997இல் மில்லியனில் 364 பங்கு. இந்தப் பாடசாலை தொடங்கிய காலத்தில் 300ஐச் சற்றுத் தாண்டியிருந்தது. இப்போது 425 அளவில் நிற்கிறது. பயமுறுத்தும் ஏற்றம், ஆனாலும் பிடிப்பவர் கண்ணால் பார்த்தால் இது மிகமிக ஐதானது. காற்றில் ஏறத்தாழ 2,400 மூலக்கூறுகளை நிறுத்தினால் அவற்றில் ஒன்றுதான் காபனீரொட்சைட்டு. காலைப் பிரார்த்தனைக்கு 2,400 பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி, ரிபன் கட்டாத ஒரு பிள்ளையை மட்டும் மற்றவர்களில் முட்டாமல் வெளியே அழைப்பது போல. எங்கள் காலத்து மாணவத் தலைவிகளுக்கு அந்தத் திறமை இருந்தது. இரசாயனத்துக்கு அது சுலபமில்லை.

மென்மையாகப் பிடிக்கும் பொருட்களும் உண்டு. கரி, சியோலைற்று போன்றவை நுண்துளைகள் நிறைந்தவை, வாயுவைத் துளைச்சுவரில் ஒட்டவைக்கின்றன. இதைப் புறத்துறிஞ்சல் என்று படித்திருப்பீர்கள். இலேசாகச் சூடாக்கினாலோ அமுக்கத்தைக் குறைத்தாலோ விட்டுவிடும். ஆனால் அவற்றின் பலவீனம் தண்ணீர். ஈரக் காற்றில் சியோலைற்று தண்ணீரைத்தான் முதலில் பிடிக்கும், காபனீரொட்சைட்டுக்கு இடம் இராது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் சியோலைற்றுக்கு அனுப்பமுதல் காற்றைக் காயவைக்கிறார்கள். மார்கழி மாதத்து யாழ்ப்பாணக் காற்றைக் காயவைக்க எவ்வளவு செலவாகும் என்று, உடுப்புக் காயப்போட்டவர்கள் யாரையும் கேளுங்கள்.

ஆகத் தேவைப்படுவது இடைநடுவான பிடி. சுண்ணாம்பு போல இறுக்கமும் வேண்டாம், கரி போலத் தளர்வும் வேண்டாம். கூட்டத்தில் ஆளை அடையாளம் கண்டு பிடிக்க வேண்டும், சற்றுச் சூடு காட்டினால் விட வேண்டும். இங்கேதான் ஒரு வைத்தியருக்கு வாயூறும், ஏனெனில் அப்படி ஒரு பிடியை எங்கள் குருதி இந்த நிமிடமும் பாவித்துக்கொண்டிருக்கிறது.

குருதியில் காபனீரொட்சைட்டின் பெரும்பகுதி இருகாபனேற்றாகத்தான் போகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் ஈமோகுளோபின் புரதச் சங்கிலியின் முனையில் இருக்கும் அமீன் தொகுதியில் நேரடியாக ஒட்டிக்கொள்கிறது. நைதரசனும் காபனும் சேரும் இந்தப் பிணைப்புக்குக் காபமேற்று என்று பெயர். திசுக்களில் ஒட்டும், நுரையீரலில் ஒட்சிசன் வந்து சேர்ந்ததும் கழன்றுவிடும். ஒட்சிசன் ஏறினால் காபனீரொட்சைட்டு இறங்கும் என்பதை 1914இல் ஹோல்டேனும் அவருடைய சகாக்களும் அளந்து காட்டினார்கள். 37 பாகைச் சூட்டில், ஈரத்துக்குள், ஒரு செங்குழியத்தின் 120 நாள் ஆயுளில் இது எத்தனை ஆயிரம் தடவை நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

தொழிற்சாலைக்காரர்களும் அமீனைத் தற்செயலாகக் கண்டுபிடித்துவிடவில்லை. இயற்கை வாயுவைச் சுத்தப்படுத்த அமீன் கரைசலைப் பாவிக்கும் முறைக்கு 1930இலேயே அமெரிக்காவில் ஆக்கவுரிமை கொடுக்கப்பட்டது. இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது. குறை என்னவென்றால், பொதுவாகக் கரைசலில் ஏறத்தாழ 70 சதவீதம் தண்ணீர். காபனீரொட்சைட்டை விடவைக்கச் சூடாக்கும்போது அந்தத் தண்ணீர் முழுவதையும் சேர்த்துச் சூடாக்க வேண்டும். தேநீர் ஒரு கோப்பைக்குக் கிடாரம் நிறையத் தண்ணீர் கொதிக்கவைப்பது போல. இரும்புக் குழாய்களையும் அரித்துவிடும்.

தண்ணீரை விட்டுவிட்டு அமீனை மட்டும் ஒரு திண்மப் பொருளின் துளைகளுக்குள் குடியேற்றினால் என்ன? கடந்த முப்பது ஆண்டுகளாக இதுதான் ஆய்வுகூடங்களில் நடக்கும் வேலை. நுண்துளைப் பொருளுக்கு இரசாயன மாற்றம் செய்வது என்று சொல்வது இதைத்தான்.

முதல் வழி, ஊறவைப்பது. 1992இல் அறிமுகமான, தேன்கூடு போல ஒழுங்கான துளைகள் கொண்ட சிலிக்கா ஒன்று இருந்தது. 2002இல் பென்சில்வேனியாவில் ஓர் ஆய்வுக்குழு அதன் துளைகளுக்குள் அமீன் நிறைந்த ஒரு பல்பகுதியத்தை, தேன் போலப் பிசுபிசுப்பானதை, ஊறவைத்தது. புட்டுக்குக் குழம்பு ஊற்றிச் சாப்பிடுபவர்களுக்கு இதன் சூட்சுமம் விளங்கும். அளவாக ஊற்றினால் ஒவ்வொரு மணியும் சுவை பிடிக்கும். கூடிப்போனால் புட்டுக் களியாகிவிடும், துளை எதுவும் மிஞ்சாது. அமீனும் அப்படித்தான். கூடப் போட்டால் துளை அடைபட்டு உள்ளே இருப்பது வாயுவைக் காணவே மாட்டாது. திங்கட்கிழமைக் குறுணலின் அதே கதை.

ஊறவைத்தது நாளடைவில் கசிந்துவிடலாம். ஆகையால் இரண்டாவது வழி, தைத்துவிடுவது. அமீனின் மறுமுனையைச் சிலிக்காச் சுவரோடு இரசாயனப் பிணைப்பால் கட்டுகிறார்கள். சேலையில் ஒட்டிய கண்ணாடிக்கும் தைத்த கண்ணாடிக்கும் உள்ள வித்தியாசம். தோய்த்தால் தெரியும்.

மூன்றாவது வழி எனக்கு மிகப் பிடித்தது. துளைகளை இருக்கிறபடி ஏற்றுக்கொள்ளாமல், வேண்டிய அளவில் கட்டுவது. 2025இல் இரசாயனவியலுக்கான நொபெல் பரிசு இதற்குத்தான் கிடைத்தது. பெற்றவர்கள் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தின் றிச்சர்ட் றொப்சன், கியோத்தோவின் சுசுமு கிடகவா, கலிபோர்னியா பேர்க்லியின் ஒமர் யாகி. இவர்கள் வளர்த்தெடுத்தவை உலோக-சேதனச் சட்டகங்கள். உலோக அயன்கள் மூலைக்கல், சேதன மூலக்கூறுகள் வளை மரம் என்று வைத்துக்கொண்டால், மூலக்கூற்று அளவில் வீடு கட்டுவது. அறைகள் எல்லாம் வெறுமை. உள்ளே வாயு போய்வரலாம்.

இதில் ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி உண்டு. றொப்சனுக்கு இந்த எண்ணம் வந்தது 1974இல், முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு அணுக்களைக் காட்ட மர உருண்டைகளில் துளையிடுவித்தபோது. எந்த இடத்தில் துளை போடுகிறோமோ அதுவே எந்த அமைப்பு வரும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறதே என்று அவருக்குப் பட்டது. பரிசோதித்துப் பார்க்கப் பத்து ஆண்டுக்கு மேல் ஆனது. 1989இல் வெளியிட்டார். கற்பித்தல் உபகரணம் செய்வது நேர விரயம் என்று யாரும் இனிச் சொல்ல வேண்டாம். கிடகவா 1997இல், சட்டகம் உடையாமல் வாயு உள்ளே போய் வெளியே வரமுடியும் என்று காட்டினார்.

யாகி யோர்தானில், அம்மான் நகரில், பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்தவர். சகோதரர்கள் பலர், ஒரே அறை, மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லை. பத்து வயதில், வழமையாகப் பூட்டியிருக்கும் பாடசாலை நூலகத்துக்குள் களவாகப் புகுந்து கைக்கு வந்த புத்தகத்தை எடுத்தார். அதில் மூலக்கூறுகளின் படம் இருந்தது. விளங்கவில்லை, ஆனால் பிடித்துக்கொண்டது. ஜாம் போத்தல் விளக்கில் படித்த எங்கள் வகுப்புக்கு இது தூரத்துக் கதையாகப் படாது. அவர் 1999இல் நாகத்தைக் கொண்டு கட்டிய சட்டகத்தில், இரண்டு மூன்று கிராமுக்குள் ஓர் உதைபந்தாட்ட மைதானம் அளவு மேற்பரப்பு மடிந்து கிடக்கிறது.

இந்த வெறும் அறைகளுக்குள் அமீனைக் கட்டிவைத்தால்? பேர்க்லியில் ஜெஃப்ரி லோங்கின் குழு மகனீசியச் சட்டகம் ஒன்றில் இரட்டை அமீன் மூலக்கூறுகளைக் கட்டியது. 2015இல் அவர்கள் விளக்கியதைப் படித்தபோது எனக்கு உயிரியல் வகுப்பு நினைவுக்கு வந்தது. ஒரு காபனீரொட்சைட்டு முதல் அமீனுக்கும் உலோகத்துக்கும் இடையில் நுழைந்துகொண்டால், பக்கத்து அமீனுக்கு அடுத்ததைப் பிடிப்பது சுலபமாகிறது. அது மூன்றாவதற்கு வழிவிடுகிறது. வரைபில் கோடு தட்டையாகக் கிடந்து திடீரென்று படி போல எழும்புகிறது. ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பிடிக்கும் வளைகோடு ஏன் 'எஸ்' வடிவம் என்று பரீட்சைக்கு மனனம் செய்தோமே, அதே ஒத்துழைப்பு. படி செங்குத்தாக இருப்பதால் வெப்பநிலையைச் சிறிதளவு மாற்றினாலே மொத்தமும் பிடிபடும், மொத்தமும் விடுபடும். செலவு குறைவது அங்கேதான்.

2024 ஒக்டோபரில் யாகியின் குழு உலோகமே இல்லாத ஒரு சேதனச் சட்டகத்துக்குள் அமீன் சங்கிலிகளை வளர்த்து வெளியிட்டது. பெயர் சி.ஓ.எஃப்-999. சாதாரண வெளிக்காற்றில், பேர்க்லி நகரத்துக் காற்றில், நூறு தடவை பிடித்து விட்டும் சோரவில்லை. விடவைக்க 60 பாகை போதும். எங்கள் கூரைத் தகட்டு வெய்யிலை நினைத்துக்கொண்டேன். இன்னொன்று, காற்றில் ஈரம் இருந்தால் இது கூடுதலாகப் பிடிக்கிறது. காய்ந்த காற்றில் ஒரு காபனீரொட்சைட்டுக்கு இரண்டு அமீன் கைகொடுக்க வேண்டியிருக்கும். ஈரத்தில் தண்ணீரும் சேர்ந்து இருகாபனேற்றாக்குவதால் ஒரு அமீனே போதுமாகிறது. சியோலைற்றுக்கு எதிரியாக இருந்த தண்ணீர் இங்கே துணை. 200 கிராம் தூள் ஓர் ஆண்டில் 20 கிலோ காபனீரொட்சைட்டை எடுக்கும், ஒரு மரம் எடுக்கும் அளவு என்று கணக்குச் சொன்னார்கள்.

என் தோழியின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ரொறன்ரோவில் இருந்து கொழும்புக்கு வந்து திரும்ப ஓர் ஆளின் பங்கு இரண்டு தொன்னுக்கு மேல். அப்படியானால் இருபது கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான தூள், ஒரு சிறிய அரிசி மூட்டை, ஒரு வருடம் இரவு பகலாக வேலை செய்தால் அவள் இங்கே வந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுப் போகலாம். ஒரு இலங்கையர் சராசரியாக ஒரு முழு ஆண்டில் வெளியிடுவது ஏறத்தாழ ஒரு தொன். இதைச் சொன்னதற்கு அவள் கோபிக்கவில்லை. நானும் பயிற்சிக்குப் பறந்தவள்தான்.

ஆனால் தூள் ஆய்வுகூடத்தில் இருக்கிறது. வெளியே என்ன நடக்கிறது? சூரிச்சில் இரண்டு மாணவர்கள் 2009இல் தொடங்கிய கிளைம்வேர்க்ஸ் நிறுவனம் ஐஸ்லாந்தில் இரண்டு நிலையங்களைக் கட்டியிருக்கிறது. விசிறி காற்றை இழுக்கிறது, அமீன் ஏற்றிய வடிகட்டி பிடிக்கிறது, நிறைந்ததும் கதவை மூடி 100 பாகை அளவில் சூடாக்கினால் விடுகிறது. சூடு நிலத்தடி வெப்பத்தில் இருந்து வருகிறது. வாயுவைத் தண்ணீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். அங்கே அது இரண்டு ஆண்டுக்குள் பெரும்பாலும் காபனேற்றுக் கல்லாகிவிடுகிறது என்று 2016இல் அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். கடைசியில் மீண்டும் கல்.

பெரிய நிலையம் 2024 மேயில் திறக்கப்பட்டது. முழு அளவில் இயங்கினால் ஆண்டுக்கு 36,000 தொன் என்று வடிவமைத்தது. இந்த எண்ணை 3,700 கோடியோடு வைத்துப் பார்த்தேன். அந்த நிலையம் ஓர் ஆண்டு முழுவதும் பாடுபட்டுப் பிடிப்பதை உலகம் அரை நிமிடத்தில் வெளியே விட்டுவிடுகிறது. நான் இந்த மேடைக்கு ஏறி ஒலிவாங்கியைச் சரிசெய்த நேரம்.

அத்தோடு அமீனுக்கும் வயது போகும். சூட்டில் ஒட்சிசன் பட்டால் ஒட்சியேற்றப்பட்டுப் பிடியை இழக்கும். எத்தனை ஆயிரம் சுற்றுத் தாங்கும் என்பதில்தான் விலை நிற்கிறது. இன்று காற்றில் இருந்து ஒரு தொன்னை எடுக்கப் பல நூறு டொலர் ஆகிறது. ஆகவே தோழியே, உன் திரையில் தெரிந்தது இருபதோ முப்பதோ டொலர் என்றால், அந்தக் காசுக்கு இந்த வேலை நடக்காது. வேறு ஏதோ நடக்கிறது. மரம் நடுவதாக இருக்கலாம், மரம் வெட்டாமல் விடுவதாக இருக்கலாம், ஒன்றும் நடக்காமலும் இருக்கலாம்.

"மரமே நடலாமே டொக்டர்?" என்று கேட்கப்போகிறீர்கள். நடுங்கள். நிழலுக்கும் கிணற்றுக்கும் மனதுக்கும் நல்லது. ஆனால் மரம் எரியும், பட்டுப்போகும், பிடித்தது திரும்பக் காற்றுக்குப் போகும். நிலக்கரியோ கோடி ஆண்டுகளாக நிலத்தடியில் இருந்தது. அதை வெளியே எடுத்தவர் திரும்ப வைக்கவேண்டிய இடமும் அந்த மாதிரி நிரந்தரமாக இருக்கவேண்டும் என்பது நியாயம்தானே.

என் தொழிலில் இருந்தே ஒரு விடயம் சொல்லவேண்டும். மயக்க வாயுக்களும் பச்சைவீட்டு வாயுக்கள். டெஸ்புளுரேன் என்ற ஒன்று, எடைக்கு எடை, நூறு ஆண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டை விடச் சுமார் 2,500 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். வெளிநாட்டில் பயிற்சியில் இருந்தபோது அதைத் தாராளமாகப் பாவித்தேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. 2023இல் ஸ்கொட்லாந்து தன் பொது வைத்தியசாலைகளில் அதை நிறுத்தியது. 2026 தொடக்கத்தில் இருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் மிக அவசியமானால் மட்டும். அதைப் பிடிக்கவும் கருவி இருக்கிறது, விற்கிறார்கள். ஆனால் நான் செய்த மிகப் பயனுள்ள காரியம், வேறு மருந்துக்கு மாறி, வாயு ஓட்டக் குமிழியைக் குறைத்துத் திருப்பியது. அதற்குச் செலவு பூச்சியம். குமிழியைக் குறைக்கும் துணிவை எனக்குத் தந்தது இந்தக் குடுவைச் சுண்ணாம்பு. அது நம்பகமாகப் பிடிப்பதால்தான் குறைந்த ஓட்டத்தில் நோயாளியைப் பாதுகாப்பாக வைத்திருக்க முடிகிறது.

பிடிக்கும் பொருளை நான் இந்த இடத்தில்தான் வைக்கிறேன். சீமெந்துச் சூளை போல, எரிபொருளை மாற்றினாலும் கல்லில் இருந்து காபனீரொட்சைட்டு வந்தே தீரும் இடங்கள் உண்டு. அங்கே புகைபோக்கியிலேயே பிடிக்க இவை வேண்டும். ஏற்கெனவே வானத்தில் கூடியிருப்பதை வருங்காலத்தில் இறக்கவும் வேண்டும். இன்றைய நிலக்கரி மின்நிலையத்தை இன்னும் நாற்பது வருடம் ஓட்டுவதற்கு இதைச் சாட்டாகக் காட்டுபவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. திங்கட்கிழமைக் குடுவையைப் பார்த்து "வெள்ளைதானே" என்று சொன்ன அதே தவறு அது. அலைகோடு ஏறிக்கொண்டிருக்கிறது.

தோழிக்கு என் பதில் இதுதான். உண்மை, பிடிக்க முடியும். காசு கட்டுவதானால் பற்றுச்சீட்டில் மூன்று விடயம் இருக்கிறதா என்று பார். எதில் பிடித்தார்கள், பிடித்ததை எங்கே வைத்தார்கள், எத்தனை தொன் என்று யார் அளந்தார்கள். மூன்றும் இல்லாவிட்டால் அந்தக் காசை எங்கள் ஆய்வுகூட நிதிக்குக் கொடுத்துவிடு. செயலாளர் அக்கா வாசலில் பற்றுப் புத்தகத்தோடு நிற்கிறா.

இந்தப் போத்தலை உயர்தர மாணவிகளுக்காக விட்டுச்செல்கிறேன். சுண்ணாம்பு நீர் இப்போது கடையில் தேட வேண்டியதில்லை என்று அறிகிறேன். இருந்தாலும் குறுணலைக் கையால் தொடாமல், கண்ணாடி அணிந்து, ரீச்சரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு குழாயில் நிரப்பிப் பலூன் காற்றை மெல்ல அனுப்பிப் பாருங்கள். வாய் வைத்து ஊத வேண்டாம், உள்ளே இருப்பது காரம். எவ்வளவு தூரம் ஊதாவாகிறது என்று அளந்து குறித்துவையுங்கள். பிறகு இரண்டு நாள் விட்டுத் திங்கட்கிழமை வந்து பாருங்கள்.